மூக்கு நுனியில் வைத்த விரல்

பேய், காற்று, கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கெல்லாம் பயப்படவும் கொஞ்சம் ஓய்வு வேண்டும், எனக்கு அது வாய்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து நாலு வருடம் ஆகிறது. விடிந்தால் அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுக் கிழங்குக் காட்டுக்கு ஓடுவேன், மத்தியானம் ஓடிவந்து ஊட்டுவேன், மறுபடி ஓடுவேன். தெருவில் யாருக்காவது சாமி வந்து ஆடினால்கூட, இது எப்போது மலையேறும், அடுப்பில் உலை கிடக்கிறதே என்றுதான் ஓரமாக நிற்பேன். அப்படிப்பட்ட எனக்கு இது நடந்தது. சிரிப்பார்கள் என்று ஊரில் நாலைந்து பேரைத் தவிர யாரிடமும் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது வரை படித்த எழுத்தில் எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

முதலில் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது விளங்காது. எனக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. கல்யாணமான புதிதில் கரும்பு வெட்டப் போன இடத்தில் தோகை கிழித்தது. நாற்பது வருடம் ஆகிறது, அந்தப் பக்கம் வெளிச்சம்கூடத் தெரியாது, அடைத்த கதவு மாதிரி. ஒற்றைக் கண்ணோடு இருப்பவர்களுக்கு ஒரு சங்கதி தெரியும், இரண்டு கண்காரர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எதைப் பார்த்தாலும் நம் மூக்கும் கூடவே ஓரமாகத் தெரிந்துகொண்டிருக்கும். எனக்கு வலது கண், அதனால் மூக்கு எப்போதும் இடது ஓரத்தில் மேடு மாதிரி நிற்கும். இடது கண் மட்டும் இருப்பவர்களுக்கு அது வலது ஓரத்தில் நிற்கும். எங்கள் ஊர் நைனார்பாளையம் பக்கம், வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். மலையைப் பார்த்தால் அதற்கு இடப்பக்கம் என் மூக்கும் ஒரு மலையாக நிற்கும். சரசுவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். "உனுக்கு மட்டும் ஒரு மலை ஜாஸ்திக்கா" என்று சிரித்தாள். சரசு பக்கத்து வீடு, என்னோடு கிழங்கு வேலைக்கு வருகிறவள்.

அது மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற பருவம். ஒரு காலை தலை வாரும்போதுதான் முதலில் தெரிந்தது. வலப்பக்கம் சீப்பு பட்டதும் மயிர்க்கால் ஒவ்வொன்றும் வலித்தது. மயிர் எங்கேயாவது வலிக்குமா? அப்புறம் நெற்றியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. தட்டிவிட்டேன், எறும்பு இல்லை. பாயை உதறினேன், தலையணையை வெயிலில் போட்டேன், அப்புறமும் ஊர்ந்தது. பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினால் வெந்நீர் ஊற்றினது போல் எரிந்தது. அதிலும் ஒரு கூத்து, எல்லாம் வலது பாதியில்தான். நெற்றி நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் வேண்டாம் என்று யாரோ பாகம் பிரித்தது போல. வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஏதாவது ஊர்கிறதா பாருங்க என்றேன். அவருக்கு வாய் கோணிப் போய்ப் பேச்சு பாதிதான் வரும். "ஒண்ணும்... இல்ல" என்றார். பொட்டு அளவு சிவப்புகூடக் கிடையாது.

மூன்றாம் நாள் வெயில் கூச ஆரம்பித்தது. வலது கண்ணில் சும்மா தண்ணீர் வடிந்தது.

"இன்னாக்கா கண்ணு இப்டி செவந்துகினு கீது, ராத்திரி தூங்கலியா?" என்று சரசு கேட்டாள்.

"நான் என்னிக்குடி தூங்கினேன்?"

கிழங்குத் தூசி என்று நினைத்துக்கொண்டேன். மேஸ்திரி முகத்தைக் கழுவிவிட்டு வா என்றார், கழுவினேன், எரிந்தது, வந்து வேலையைப் பார்த்தேன். உடம்புக்கு முடியவில்லை என்று படுத்தால் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் படுக்கைதான், அதனால் படுக்கிற பழக்கம் இல்லை.

ஐந்தாம் நாள் விடியலில் நெற்றியில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். பார்த்ததும் சரசு கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "யக்கா, இது அக்கி. வா, போய் எழுதிடலாம்."

எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் மருந்து போட மாட்டார்கள், சட்டி பானை செய்கிறவரிடம் போய் எழுதிக்கொள்வார்கள். காவியைக் கரைத்துக் கோழி இறகால் கொப்புளத்தின் மேலும் சுற்றியும் சிங்க உருவம் எழுதுவார். எங்களுக்கு எழுதுகிறவர் முருகேசண்ணன், வீடு ஏரிக்கரையில், பஸ் ரோட்டுக்குக் கிட்டே. ஒரு வெற்றிலை பாக்கு தவிர வேறெதுவும் வாங்க மாட்டார், யாரையும் ஏமாற்றத் தெரியாத மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"மூணு நாளு. மூணு நாளும் வெறும் வயித்துல வரணும்" என்றார். "தண்ணி படக்கூடாது, எண்ணெ படக்கூடாது, கண்ணாடி பாக்கக்கூடாது. நடுவுல ஊசி, மாத்திரைன்னு எங்கனா போனா எழுதுனது கோச்சிக்கும்."

"அண்ணே, ஒத்தக் கண்ணுக்காரி. கண்ணுகிட்ட வந்துகினு கீதே" என்றாள் சரசு.

"அதுக்குத்தான் சிங்கத்தைக் கண்ணுக்குக் காவலா படுக்க வெக்கிறேன்."

எழுதி முடித்ததும் சரசு குனிந்து பார்த்தாள். "இது சிங்கமாண்ணே? எங்க வூட்டு நாய் மாரி கீது."

"உங்க வூட்டு நாய் காவல் காக்காதா? அதே வேலைதான், போம்மா."

எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தால் நெற்றி வலித்தது. காவி காயும்போது ஜில்லென்று இருந்தது, அதுவே போதும் என்று தோன்றிவிட்டது. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்தார். நாலு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டாம் நாளும் எழுதினார். அன்று மாலைக்குள் வலது இமை அதிரசம் மாதிரி வீங்கிவிட்டது. விளக்கைப் பார்த்தால் ஊசியால் குத்துகிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலை இமையைப் பிரிக்கவே முடியவில்லை, சீழ் காய்ந்து ஒட்டிக்கொண்டது. பிரிக்காமலேயே வெளிச்சம் குத்தியது. சரசு வந்து என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்துக் கண்ணில் வைத்து, மேலே ஒரு கறுப்புத் துணியைச் சுற்றிப் பின்னால் இரண்டு முடிச்சுப் போட்டாள். என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். இன்னும் ஒரே ஒரு எழுத்து, அப்புறம் இறங்கிவிடும் என்று நான்தான் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு போனேன்.

முருகேசண்ணன் அங்கே இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள், குரல் இல்லை.

"மண்ணெடுக்க ஏரிக்குள்ள போயிருப்பாரு, வந்துடுவாரு. நீ இங்க குந்திக்கினு இருக்கா, லாரி வந்துடுச்சி, மேஸ்திரி கத்திக்கினு இருப்பாரு. பத்து மணிக்கு வந்து உன்னைக் கூட்டிக்கினு போறேன்" என்று சூளைக்குப் பக்கத்துக் கொட்டகையில் என்னை ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டு ஓடினாள்.

எவ்வளவு நேரம் இருந்தேனோ. மண் வாசனை, சாம்பல் வாசனை, ரோட்டில் போகிற வண்டிச் சத்தம். வீட்டில் அவருக்கு மத்தியானக் கஞ்சிக்குப் போய்விட வேண்டும் என்ற நினைப்பு. பசி வேறு, வெறும் வயிறு.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். பச்சைப் புடவை, கிளிப்பச்சை. முந்தானை ஓரம் கிழிந்ததைச் சிவப்பு நூலால் தைத்திருந்தாள், பச்சை நூல் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். முழங்கை வரைக்கும் ஈரக் களிமண். வயது சொல்ல முடியவில்லை, என்னைவிடச் சின்னவள் என்றுதான் தோன்றியது, ஆனால் அவள் என்னைக் கூப்பிட்ட விதம் வேறு.

"இன்னா பொண்ணே, எழுதிக்க வந்தியா?"

என்னைப் பொண்ணே என்று கூப்பிட்டு ஐம்பது வருடம் இருக்கும். எனக்கு வெட்கமாகிவிட்டது. "ஆமாம், மூணாம் நாளு. அண்ணன் வரட்டும்" என்றேன்.

"இன்னிக்கு எழுதிக்காத."

"விட்டா கோச்சிக்கும்னாரே."

"கோச்சிக்கினா கோச்சிக்கினு போவட்டும். அதுக்காவ உன் கண்ணா போவணும்?" என்று குனிந்து, மண் விரலை என் மூக்கு நுனியில் வைத்தாள். ஜில்லென்று இருந்தது. "இங்க ஒண்ணு வந்துடுச்சி பாரு. இங்க வந்தா கண்ணுக்குள்ள போவும். எழுந்திரு, பஸ் வர்ற நேரம்."

தொட்டுப் பார்த்தேன். மூக்கில் அவள் வைத்த மண்தான் இருந்தது, கொப்புளம் எதுவும் இல்லை. "ஒண்ணும் இல்லியேம்மா."

"வரும்."

"வூட்ல அவரு கெடக்கறாரு, மத்தியானம் கஞ்சி ஊட்டணும். நான் ஆஸ்பத்திரிக்குப் போயி குந்திக்கினா யாரு பாப்பா?"

"ஒரு வேளை பட்டினி கெடப்பாரு. நீ குருடாயிட்டா எத்தினி வேளை கெடப்பாரு, சொல்லு."

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை, அரிசி எவ்வளவு போட வேண்டும் என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். எழுந்துவிட்டேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஏரிக்கு அப்பால் மலை தெரிந்தது, உச்சியில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. ரோட்டுக்கு வந்ததும் பஸ் நின்றது. என்னைப் படியில் ஏற்றிவிட்டாள். நான் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் எல்லாம் இருட்டிவிட்டது. வலியில் அப்படி ஆகிறது என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் நினைக்கவில்லை.

"கண்ணைக் கட்டிக்கினு எங்க ஆயா போற? கூட யாரும் வரலியா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"ஏத்திவுட்டாங்களே" என்றேன். அவர் என் தோளைப் பிடித்து ஒரு சீட்டில் உட்கார வைத்தார். கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை, சத்தம்தான். பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு பெண் கையைப் பிடித்து ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் விட்டாள், அந்தப் புண்ணியவதியின் முகமும் எனக்குத் தெரியாது.

அங்கே நர்ஸ் கட்டைப் பிரிக்க வந்தாள். "மூக்குல இன்னா பாட்டி ஈர மண்ணு?" என்று துடைத்தாள். ஈரம் என்றுதான் சொன்னாள். வெயிலில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்த மண். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. துணி இமையோடு ஒட்டிக்கொண்டது, உப்புத் தண்ணீர் விட்டு விட்டுத்தான் பிரித்தாள்.

டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயதுகூட இருக்காது. நெற்றியில் இருந்த சிங்கத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள், திட்டவில்லை. இமையைத் தூக்கி ஏதோ சொட்டு விட்டு, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"இன்னொரு கண்ணு தெரியுமா பாட்டி?"

"தெரியாதும்மா."

டார்ச்சை இடது கண்ணில் அடித்தாள். வெளிச்சம் தெரிகிறதா, இப்போது, இப்போது என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இல்லை என்றேன்.

"சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?"

"ஏழு வயசுல."

"அந்தக் கிருமிதான். இத்தனை வருஷம் நரம்புக்குள்ள தூங்கிட்டு இருந்து இப்ப எழுந்திருக்கு. தலை வாரும்போது வலிச்சுது, எறும்பு ஊர்ந்துச்சு இல்ல? அப்பவே வந்திருக்கணும். கருவிழியில ஆரம்பிச்சிருக்கு, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது." அப்புறம் கேட்டாள், "இன்னைக்காவது வரணும்னு யார் சொன்னா?"

"மூக்கு நுனியில கொப்புளம் வந்துடுச்சி, கண்ணுக்குள்ள போயிடும்னு ஒரு பொம்பள சொன்னாம்மா."

டாக்டர் என் மூக்கை உற்றுப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். "மூக்குல ஒண்ணும் இல்லையே பாட்டி."

என் சுருக்குப் பையில் சரசுவின் நம்பர் எழுதின காகிதம் இருந்தது, நர்ஸ் போன் போட்டாள். சரசு பத்து மணிக்கு வந்து என்னைக் காணாமல் தேடிவிட்டுக் காட்டுக்குப் போயிருக்கிறாள், போன் வந்ததும் அங்கிருந்து ஓடிப்போய் அவருக்கு ஊட்டியிருக்கிறாள், மணி இரண்டாகிவிட்டதாம், பாவம் வாயைத் திறந்துகொண்டே கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாராம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதால் கண் எரிந்தது, நிறுத்திக்கொண்டேன்.

என்னை அங்கேயே படுக்க வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை, கண்ணில் களிம்பு. மறுநாள் காலை மூக்கு நுனி நமநமவென்றது. தொட்டேன். ஒரு கொப்புளம், மிளகு அளவு. அவள் விரல் பட்ட அதே இடம்.

டாக்டர் வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தாள். "மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புதான் போகுது. அங்க வந்தா கண்ணுக்கும் வரும்னு அர்த்தம். ஆனா இது நேத்து இல்லையே பாட்டி, நான் பார்த்தேனே" என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன், அதுவரை அவரைச் சரசுதான் பார்த்துக்கொண்டாள். கண் தப்பித்தது. கொஞ்சம் புகை படிந்த மாதிரி இருக்கிறது, ஆனால் அவர் வாய் தெரிகிறது, கரண்டி தெரிகிறது, அது போதும். அன்று மாலை சரசு கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்தாள். நான் அவளிடம் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பச்சைப் புடவை, சிவப்பு நூல், கையில் மண், மலையில் மேகம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது சரசு கிழங்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"யக்கா, கண்ணை நான்தானே கட்டுனேன்? ரெண்டு முடிச்சு போட்டேனே. நீ எப்பிடிப் பாத்த?"

எனக்கு அந்த நிமிடம் வரைக்கும் அது தோன்றவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தோன்றவே இல்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் இருந்தது சரசு போட்ட முடிச்சுத்தான், நர்ஸ் அவிழ்க்க முடியாமல் கத்தரியால் வெட்டினாள்.

"மயக்கத்துல கனா கண்டிருப்ப. வெறும் வயிறு வேற."

"கனா கண்டா பஸ்ல ஏறுவனாடி?"

மறுநாள் இரண்டு பேரும் முருகேசண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார், எனக்குக் கண் போயிருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார், எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"உங்க வூட்ல இருந்து வந்தாளே ஒரு பொம்பள, அவளுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேண்ணே."

"எங்க வூட்ல ஏதும்மா பொம்பள? நான் ஒண்டிக்கட்ட. எனுக்குப் பொண்ணு குடுக்க யாரும் வரவே இல்லியே." இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். "அன்னிக்கு நான் பூட்டிக்கினு இல்ல போனேன்?"

பூட்டைப் பார்த்தேன். கதவுக்கு வெளியேதான் தொங்கியது. இப்படி இப்படி இருந்தாள் என்று சொன்னேன். அப்படி யாரையும் இந்த ஊரில் பார்த்ததில்லை என்றார். அதற்கப்புறம் அவர் கையில், காலில் வந்தால் எழுதுகிறார், முகத்தில் வந்தால் இறகையே எடுப்பதில்லை. ரோட்டில் நின்று பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிடுகிறார்.

இவ்வளவுதான் நடந்தது. சில பேர் மாரியாத்தா என்கிறார்கள், சரசு இன்னும் கனவு என்கிறாள், வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. எனக்குத் தெரியாது, யோசிக்கவும் நேரம் இல்லை. மேகம் போட்டால் அந்தப் பக்கத்து மயிர்க்கால் இன்னும் வலிக்கிறது, மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிறேன். சில நாள் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வாசலில் நின்று பார்ப்பேன். மலையும் இல்லை, ஒன்றும் இல்லை, அதே அடைத்த கதவுதான்.

ஒன்று மட்டும் என்னை விடவில்லை. சரசுவிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் குனிந்து விரலை நீட்டினது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, எத்தனை தடவை நினைத்தாலும் அதேதான் வருகிறது. பச்சைப் புடவை, சிவப்பு நூல், கிட்டே வருகிற மண் விரல், அது தொடப் போகிற என் மூக்கு. நாற்பது வருடமாக என் மூக்கை நான் இடப்பக்கத்தில்தான் பார்க்கிறேன். அந்த ஞாபகத்தில் மட்டும் அது வலப்பக்கத்தில் நிற்கிறது.